விசையும் எண்ணும்: மிடி நியமத்தின் தோற்றம் பற்றிய ஒரு குறிப்பு

மின்னிசைக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒலியின் வளர்ச்சியையே கூறிச் செல்வர். தான் ஒலிக்காது பிற கருவிகளுக்குக் கட்டளை மட்டும் இடும் ஒரு மொழியும் அவ்வரலாற்றில் உண்டு. 'மிடி' எனப்படும் அம்மொழியையே ஈண்டு நாம் நோக்குகின்றோம்.

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னிசைக் கருவியை மற்றொன்றினதுடன் இணைத்தல் பெரும்பாலும் இயலாதிருந்தது. இதற்குப் பொது இணைப்பு முறையொன்றினை 1981 இல் அமெரிக்கரான டேவ் ஸ்மித் முன்மொழிந்தார். யப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இக்குத்தாரோ ககேஹாஷி இம்முயற்சியின் மற்றொரு தூணாவார். 1983 சனவரியில், கலிபோர்னியாவில் நடைபெற்ற வணிகக் கண்காட்சியில் இருவேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே வடத்தால் இணைந்து இயங்கின.

அவ்வடத்தில் சென்றது ஒலியன்று. எவ்விசை அழுத்தப்பட்டது, எவ்வளவு விரைவுடன் அழுத்தப்பட்டது என்பவற்றைக் குறிக்கும் எண்களே சென்றன. விசைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் வகுக்கப்பட்டன. பியானோவின் நடுச் சுரம் 60 ஆயிற்று. விசைப்பலகையைக் கணனியுடன் இணைத்தும் ஓசை எழவில்லையே என மயங்குவோர் இன்றும் உளர். மென்பொருளில் ஒலிதரும் கருவியொன்றை ஏற்றி, அதன் தடத்தை உள்வரும் கட்டளைகளை ஏற்குமாறு அமைத்தாலன்றி அவ்வெண்கள் ஊமையே.

எண்ணால் எண்ணப்பட்டது விசையே, சுருதியன்று என்பது நமது துணிபு. இரு விசைகளுக்கு இடைப்பட்ட சுருதி 'வளைவு' என்னும் தனிக் கட்டளைக்குத் தள்ளப்பட்டது. அக்கட்டளையோ ஓர் அலைவரிசையின் சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும். கமகத்தை உயிராகக் கொண்ட கருநாடக இசைக்கு இது சிறு குறையன்று. தம்புராவின் சுருதியும் பாடற்சுரமும் ஒரே அலைவரிசையில் அமையின், காந்தாரத்தை அசைக்கும்போது ஆதாரசட்சமும் உடன் அசையும். ஆகவே அவற்றை வெவ்வேறு அலைவரிசைகளில் இடுதல் வேண்டும். வளைவின் எல்லையையும் விசைப்பலகையிலும் மென்பொருளிலும் பொருந்த அமைத்தல் வேண்டும். பெரும்பாலும் இருபுறமும் இரண்டு அரைச்சுரமாகவே இருக்கும் அவ்வெல்லை நீண்ட சாருக்களுக்குப் போதாது. (அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கிவைத்தமையும் விசைக்கும் கமகத்துக்கும் உள்ள இப்பழம் பகையோடு தொடர்புடையதே.)

ஒவ்வொரு சுரத்துக்கும் தனி அலைவரிசை அளிக்கும் முறை 2018 இலேயே நியமமாக ஏற்கப்பட்டது. ஒரே அலைவரிசையினுள்ளும் சுரத்தைத் தனித்து வளைக்க இடந்தரும் இரண்டாம் பதிப்பு 2020 இல் வெளிவந்தது. எனினும் 1983 இன் கட்டளைகளும் கைவிடப்படவில்லை. நடுச் சுரம் இன்றும் 60 தான்.