புதுக்கோட்டைப் பெண்களின் கல் குவாரிக் குழுக்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஏழைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய முயற்சி.

வானம் பார்த்த பூமி. விளைச்சல் பொய்த்தால் பலருக்குப் பாறைதான் பிழைப்பு. ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய முன்பணம் தீராமல் குடும்பத்தோடு கல் உடைத்தவர்கள் உண்டு. கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த பிறகும் நிலைமை இதுதான்.

ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமப்புறப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுக்கான டுவாக்ரா திட்டத்தின்கீழ் அமைந்த பெண்கள் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஏறக்குறைய 170 குவாரிகள் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களின் கைக்கு வந்ததாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். கல்லை உடைப்பதோடு விலை பேசுவது, கணக்குப் பார்ப்பது, வருமானத்தைப் பங்கிடுவது எல்லாம் குழுவின் பொறுப்பாயின.

1991-இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இதற்குத் துணை நின்றது. எழுத்தோடும் கணக்கோடும் சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றனர். வேலைக்கும் சந்தைக்கும் கூட்டத்துக்கும் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வருமானம் இழந்த ஒப்பந்தக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

உழைப்பவர்களே தொழிலை நடத்தும் இம்முயற்சிக்குத் தமிழகத்தில் முன்னோடியாக, 1978-இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்லலாம். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்ட பின், இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிக்கும் திறமையை நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றியது அச்சங்கம்.