தொம்மலூரில் ஒரு கொரிய வினையெச்சம்

போன மாதம் ஊரிலிருந்து மாமா ஒரு ஃபார்வர்ட் அனுப்பியிருந்தார். உங்களுக்கும் வந்திருக்கும். கொரியனில் அம்மா 'ஒம்மா', அப்பா 'அப்பா', நான் 'நா', நீ 'நொ', புல் 'புல்', நாள் 'நால்'. ஆகவே கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது, உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும். கீழே மாமாவின் கைவண்ணம்: "மருமவனே, நீ அங்க கொரியன் படிக்கியாமே, இது நெசமா?"

படிப்பது நிஜம். நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தலைமையகம் கொரியாவில். தொம்மலூரில் மாடி அறை ஒன்றில் சனிக்கிழமை காலை வகுப்பு. ஆறு பேர்: இரண்டு கன்னடர், ஒரு மலையாளி, ஒரு பெங்காலி, ஒரு டெல்லிக்காரர், நான். எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. வார்த்தைகள்தான் படுத்தி எடுத்தன. மாமாவின் பட்டியலுக்கு வெளியே எல்லாமே அந்நியம். ஆனால் வாக்கியங்களை ஒன்றோடொன்று கோர்க்கும் பாடம் வந்தபோது வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. டெல்லிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். தெற்கத்திக்காரர்கள் நாலு பேரும் "அட, இவ்வளவுதானா" என்று உட்கார்ந்திருந்தோம்.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டு செயலைச் சேர்க்க நடுவில் 'அண்ட்', 'பிகாஸ்', 'இஃப்' என்று தனி வார்த்தை வேண்டும். கொரியனில் அந்த வேலையை முதல் வினையின் வால் செய்கிறது. 'கா' என்றால் போ. 'காசொ' என்றால் போய். 'சந்தைக்குக் காசொ வாங்கினேன்' என்று சொல்லிப் பாருங்கள், நம் வாக்கியம் அப்படியே. மழை அங்கேயும் 'வருகிறது'. 'பிகா ஒமியொன்' என்றால் மழை வந்தால். 'மொக்கோ இத்தா' சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறான். 'ஒந்தாகோ ஹெத்தா' வருகிறான் என்று சொன்னான். என்னை அசத்தியது 'மொகொ பொசெயோ'. 'மொகொ' சாப்பிட்டு, 'பொசெயோ' பாருங்கள். சாப்பிட்டுப் பாருங்கள்! சாப்பாட்டைக் கண்ணால் பார்க்கவா சொல்கிறோம்? முயன்று பார் என்பதற்கு நம்மைப் போலவே அவர்களும் 'பார்' போடுகிறார்கள். 'போய்விட்டான்' என்பதற்கு 'கா பொரியொத்தா'. அந்த இரண்டாவது வினைக்குத் தூக்கி எறி என்று பொருள், நம் 'விடு' மாதிரி.

இதையெல்லாம் கண்டுபிடித்தது நான்தான் என்று இரண்டு நாள் மிதப்பில் இருந்தேன். தேடிப் பார்த்தால் நூற்றைம்பது வருஷம் லேட் :-)

1874-ல் பாரிஸில் கொரியத் திருச்சபை வரலாறு என்று பிரெஞ்சில் இரண்டு பாகமாக ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் க்ளோத் ஷார்ல் தாலே என்ற பாதிரியார். அப்போது அவர் கொரியாவைப் பார்த்ததே கிடையாது. அங்கே ரகசியமாக ஊழியம் செய்த ஆயர் தவெலுய் குறிப்புகளைச் சேர்த்து பாரிஸுக்கு அனுப்பியிருந்தார். அந்த ஆயர் 1866-ல் நடந்த பெரிய ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டார். அந்தக் குறிப்புகளை வைத்து தாலே எழுதிய நீண்ட முன்னுரையில் கொரிய மொழிக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் இந்த மொழியின் இலக்கணம் தென்னிந்தியாவின் திராவிட மொழிகளைப் போல இருக்கிறது என்கிறார். கொரியாவைப் பார்க்காதவருக்கு அது எப்படித் தோன்றியது? தாலே 1850களில் மிஷனரியாக வந்து இறங்கிய இடம் மைசூர் மிஷன். அதன் தலைமையிடம் பெங்களூர்! நம்ம ஊரில் தமிழும் கன்னடமும் காதில் விழ நடமாடியவர், பிறகு பாரிஸில் உட்கார்ந்து கொரிய இலக்கணக் குறிப்புகளைப் படிக்கும்போது "இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே" என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம். எங்கள் வகுப்பில் நாலு பேர் "அட" என்றோமே, அதே "அட" தான்.

பிறகு 1881-ல் கொரியாவில் இருந்த பிரெஞ்சு மிஷனரிகளின் கொரிய இலக்கணம் யோகஹாமாவில் அச்சானது. 1894-ல் கனடாக்காரர் ஜேம்ஸ் கேல் கொரிய இலக்கண வடிவங்கள் பற்றி ஒரு நூல் போட்டார். வினையின் வால்களையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உதாரணத்தோடு அடுக்கியிருக்கிறார். அவருக்கே அந்த மொழியில் இதுதான் பெரிய மலையாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

முக்கியமான ஆள் ஹோமர் ஹல்பர்ட். 1863-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பிறந்தவர். 1886-ல் சியோலில் அரசு நடத்திய ஆங்கிலப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். படித்தவர்கள் எல்லாம் சீன எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், முழுக்கக் கொரிய எழுத்திலேயே ஒரு பூகோளப் பாடப்புத்தகம் எழுதினார். அவர் 1905-ல் சியோலில் வெளியிட்ட நூல், கொரிய மொழிக்கும் இந்தியாவின் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம். அதில் வினையெச்சங்களையும் பெயரெச்சங்களையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டு, இவை ஒரே குடும்பம் என்று முடிவு கட்டினார். கொரியாவின் தெற்குப் பகுதி மக்கள் கடல் வழியே தெற்கிலிருந்து வந்தவர்கள் என்பது அவர் கட்சி.

திராவிடப் பக்கத்துக்கு அவருக்குக் கைகொடுத்தது கால்டுவெல். இங்கே எனக்குக் கொஞ்சம் சட்டைக் காலரைத் தூக்கிவிட இடம் உண்டு. கால்டுவெல் 1841-லிருந்து வாழ்ந்து உழைத்த இடையன்குடி எங்கள் ஊர்ப் பக்கம். அவருடைய ஒப்பிலக்கணம் 1856-ல் முதல் பதிப்பும் 1875-ல் விரித்த பதிப்பும் கண்டது. திராவிட வாக்கியத்தில் முற்றுவினை ஒன்றுதான், அது கடைசியில்தான் வரும், மற்ற வினைகள் எல்லாம் எச்சமாக வந்து அதில் சேரும் என்று எழுதியிருக்கிறார். தேரிக்காட்டுச் செம்மண்ணில் உட்கார்ந்து எழுதியது முப்பது வருஷத்தில் சியோலில் ஒரு அமெரிக்கர் மேஜைக்குப் போயிருக்கிறது.

அதே 1905-ல் இன்னொரு புத்தகமும் வந்தது, அது பெங்களூரைப் பற்றியது. லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள். என் வகுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சொக்கநாதசுவாமி கோயில் கல்வெட்டுகளில் தொம்மலூர், தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. பல கல்வெட்டுகள் தமிழ். ஒய்சள வீரராமநாதன் காலத்தவை, அதாவது பதின்மூன்றாம் நூற்றாண்டு. வாடகை வீட்டுக்காரர் "எந்த ஊர்க்காரர்?" என்று கேட்கும்போதெல்லாம் அந்தக் கல்லை நினைத்துக்கொள்வேன் (சொன்னதில்லை, அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது). தானக் கல்வெட்டு எதை எடுத்தாலும் கட்டமைப்பு ஒன்றுதான்: இன்னது விட்டு, இன்ன எல்லை வைத்து, இன்னது நடக்க என்று எச்சம் எச்சமாக நீண்டு, கடைசியில் ஒரே ஒரு 'குடுத்தேன்'. தமிழ் படித்த கொரியர் யாராவது வந்தால் வாக்கியத்தின் போக்கை மூச்சு வாங்காமல் பிடித்துக்கொள்வார்.

இந்த எச்சங்களைத் தொல்காப்பியர் ஒன்பது வாய்பாடாகத் தொகுத்தார், நன்னூலார் பன்னிரண்டு என்றார். நன்னூலை எழுதச் செய்த சீயகங்கன், குவளாலபுரத்துத் தலைவன் என்று பட்டம் பூண்டவன். குவளாலபுரம் நம்ம கோலார். ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் நேரே போனால் வந்துவிடும்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஹல்பர்ட் சொன்னது சரியா? இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இல்லை.

மொழிகள் உறவு என்றால் ஒலிகள் ஒழுங்காக மாறி வரவேண்டும். தொம்மலூர் கடைத்தெருவிலேயே பாடம் கிடைக்கும். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பழம் ஹண்ணு. தமிழில் சொல் முதலில் 'ப' வந்தால் கன்னடத்தில் 'ஹ' என்று சட்டம் போட்டது மாதிரி நடக்கிறது. கொரியனுக்கும் தமிழுக்கும் அப்படி ஒரு சட்டம் இதுவரை யாரும் எல்லோரும் ஏற்கும்படி காட்டவில்லை. அம்மா அப்பா உலகத்துக் குழந்தைகள் எல்லாம் உளறுவது. புல்லும் நாளும் தற்செயல். எச்சங்களோ வினை கடைசியில் வரும் மொழிகள் பலவற்றில் இருக்கின்றன. துருக்கியில், மங்கோலியனில், ஜப்பானியத்தில், சிங்களத்தில். சிங்களம் தமிழுக்கு உறவு இல்லை, ஆனால் 'கரலா' என்றால் செய்து. டெல்லிக்காரர்கூட 'ஜாகர்' என்பது போய் தானே என்று மூன்றாவது வாரம் கண்டுபிடித்துவிட்டு எங்களை முறைத்தார்.

ஹல்பர்ட் உறவு என்று சொன்னது தவறு. ஆனால் எங்கே பார்க்கவேண்டும் என்பதில் ஃபார்வர்ட் அனுப்புகிறவர்களைவிட அவர் நூறு மடங்கு தேவலை. ஒற்றை வார்த்தைகளைப் பொறுக்காமல் வாக்கியம் எப்படி நடக்கிறது என்று பார்த்தார். அப்படிப் பழகியவருக்கு அந்த மக்கள் மேல் ஒட்டுதலும் வந்துவிட்டது. அதே 1905-ல் ஜப்பான் கொரியாவை விழுங்க வந்தபோது மன்னர் கோஜோங்கின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போனார். அமெரிக்க அரசு கண்டுகொள்ளவில்லை. விடுதலைக்குப் பிறகு 1949-ல் அரசு அழைத்து, 86 வயதில் சியோல் போய் இறங்கி, ஒரு வாரத்தில் அங்கேயே இறந்தார். யாங்ஹ்வாஜின் கல்லறையில் இருக்கிறார்.

ஒற்றுமையை நம்பி நான் கவிழ்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சியோலோடு மீட்டிங். பத்து நிமிஷம் லேட். தயார் செய்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்: "நுஜொஸ்ஸுனிக்கா ச்வேசொங்ஹம்னிதா." லேட் ஆனதால் மன்னிக்கவும். மறுபக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

சனிக்கிழமை டீச்சர் விளக்கினார். காரணம் சொல்ல அவர்களிடம் 'சொ' ஒன்று, 'னிக்கா' ஒன்று. கட்டளையிட, யோசனை சொல்ல 'னிக்கா' தான் வேண்டும். மன்னிப்புக்கு 'சொ' மட்டும்தான். 'னிக்கா' போட்டால் காரணத்தை எதிராளி முகத்துக்கு நேராக நீட்டுவது போல: "லேட்டாயிடுச்சுல்ல, அதான் ஸாரி." நம் 'ஆனதால்' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் எனக்கு உறைக்கவே இல்லை. 'சொ', 'கோ' விலும் இதே குழி. 'நண்பனைப் பார்த்துப் படம் பார்த்தேன்' என்பதில் 'மன்னாசொ' என்றால் அவனோடு சேர்ந்து படம்; 'மன்னாகோ' என்றால் அவனைப் பார்த்தது தனி, படம் தனி. நாம் 'பார்த்து' என்று விட்டுவிட்டு மீதியைக் கேட்பவர் தலையில் கட்டிவிடுகிறோம். விசித்திரம் என்னவென்றால், அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் மனப்பாடம் செய்து வந்த டெல்லிக்காரர் இந்தத் தப்பைச் செய்யவில்லை.

இவ்வளவையும் சுருக்கி மாமாவுக்கு அனுப்பினேன். கால்டுவெல் பெயரைப் பார்த்ததும் குஷி. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "அப்போ சொந்தம் இல்லேங்கியா? சரி, அந்த சாப்பிட்டுப் பாரு மட்டும் நல்லாருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அனுப்பட்டுமா?"

அனுப்புங்கள் மாமா என்றேன். அடுத்த சனிக்கிழமை 'நுராகோ' பாடமாம். அதுவும் காரணம் சொல்வதுதான் என்கிறார்கள். இந்தத் தடவை மீட்டிங்கில் வாயைத் திறக்கும் முன் டீச்சரிடம் கேட்டுக்கொள்வதாக இருக்கிறேன்.