பவர் ஸ்டியரிங் பாக்ஸ் – இருபத்தைந்து வருடக் காத்திருப்பு

பழைய டிரக்கின் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்புகிறீர்கள், சக்கரம் அசையவே இல்லை. "பாக்ஸ் தேஞ்சு போச்சு, மேலே இருக்கிற ஸ்க்ரூவை இறுக்குனா சரியாயிடும்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். சரியாகுமா? அதற்கு முன் அந்தப் பாக்ஸ் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்ற கம்பெனியின் டிரக் பிரிவில் எஞ்சினியராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். கனமான டிரக்கைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டை தினமும் பார்த்தவர். 1922ல் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் சின்னப் பட்டறை ஒன்றைப் பிடித்தார்.

எண்ணெய் அழுத்தத்தால் திருப்பலாம் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். ஆனால் அக்கால இயந்திரங்களில் வால்வு மூடியே இருக்கும். அழுத்தம் எப்போதும் உள்ளே அடைபட்டு நிற்பதால் எங்காவது ஒழுகும். டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார். வால்வு திறந்தே இருக்கட்டும், எண்ணெய் சும்மா சுற்றி வரட்டும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வழி குறுகி அழுத்தம் ஏறட்டும். இவ்வளவுதான் யோசனை!

1926ல் தன் காரில் பொருத்தி டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. செலவு அதிகம் என்று 1934ல் கைவிட்டார்கள். 1936ல் பெண்டிக்ஸ் கம்பெனி கைகொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான ராணுவ வண்டிகளில் இது ஓடியது. 1951ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் சாதாரண ஜனங்கள் வாங்கும்படி கடைக்கு வந்தது. அதற்குள் டேவிஸின் காப்புரிமைகள் சிலவற்றுக்குக் காலமும் முடிந்துவிட்டது. பாவம் மனுஷன்.

சரி, நம் தேய்ந்த பாக்ஸுக்கு வருவோம். உள்ளே ஒரு வார்ம் ஷாஃப்ட், அதன் மேல் நகரும் நட், இரண்டுக்கும் நடுவே ஓடும் இரும்புக் குண்டுகள். நட்டின் வெளிப் பற்கள் செக்டர் ஷாஃப்டைத் திருப்பும். வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால் நடுப் பற்கள்தான் முதலில் தேயும். அந்தத் தேய்மானத்துக்காக ஸ்க்ரூவை மேலும் மேலும் இறுக்கினால், தேயாத ஓரப் பற்கள் சிக்கிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராக வராது. நெடுஞ்சாலையில் இது உயிருக்கே ஆபத்து.

அதனால் முதலில் ஒருவரை ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு, பாக்ஸைப் பாருங்கள். உள்ளே போகும் ஷாஃப்ட் அசைந்து, பிட்மேன் ஆர்ம் அசையாமல் இருந்தால்தான் கோளாறு பாக்ஸில். இல்லையென்றால் டை ராட் மூட்டுகளைத் தேட வேண்டும். பாக்ஸில்தான் என்றால், ஸ்டியரிங்கைச் சரியாக நடுவில் வைத்து, லாக்நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் கடைசி வரை இலகுவாகத் திரும்ப வேண்டும். எங்காவது பிடித்தால் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு பாக்ஸைக் கழற்றி, தேய்ந்த பற்களையும் குண்டுகளையும் ஆயில் சீல்களையும் மாற்றுவதுதான் ஒரே வழி.

அடைத்து வைப்பதால் ஒழுகல் நிற்காது என்று டேவிஸ் அன்றே கண்டுபிடித்தார். இறுக்குவதால் தேய்மானமும் போகாது. உங்கள் ஊர் மெக்கானிக் என்ன சொல்கிறார்?