ஆறாவது புலனும் ஒற்றைத் தலைவலியும்

மெய், வாய், கண், மூக்கு, செவி எனப் புலன்களை ஐந்தாக எண்ணுவது நம் மரபு. ஆயினும், கண்ணை மூடிக்கொண்ட ஒருவன் தன் தலை தோளின் பக்கம் திரும்பியிருக்கிறதா, நேராக இருக்கிறதா என்பதைத் தடுமாறாமல் சொல்லிவிடுகிறான். தலை அசைவதை உட்செவியும் அறிவிக்கும். ஆனால், உடலின்மேல் தலை எவ்வாறு அமர்ந்திருக்கிறது என்பதைக் கழுத்தே சொல்ல வேண்டும். இவ்வுணர்வின் இயல்பு தெளிவாக விளங்குவதற்கு எண்பது ஆண்டுகள் பிடித்தன.

1826-இல் ஸ்காட்லாந்து நாட்டவரான சார்லஸ் பெல், மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும் நரம்பு இருப்பதுபோலவே, தசையின் நிலையை மூளைக்கு உணர்த்தும் நரம்பும் உண்டென்று லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் விளக்கினார். 1863-இல் ஜெர்மானியரான கூனே, தசைக்குள் காணப்பட்ட, நூல் நூற்கும் கதிர் போன்ற நுண்ணுறுப்புகளுக்குத் 'தசைக்கதிர்' எனப் பெயரிட்டார். அவற்றின் பயன் யாது? இயக்க நரம்புகள் அறுபட்டு அழிந்த பின்னும் கதிர்களின் நரம்புகள் அழியாதிருப்பதை 1894-இல் ஆங்கிலேயரான ஷெரிங்டன் கண்டார். அவை உணர்வுறுப்புகளே என நிறுவினார். 1906-இல் இப்புலனுக்குத் 'தன்னையே உணர்தல்' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்.

மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகளில் இக்கதிர்கள் மிகச் செறிந்திருக்கின்றன. இவற்றால் அமையும் கழுத்துணர்வை அளக்க எளியதொரு முறையை 1991-இல் பிரெஞ்சு மருத்துவர் ரெவெல் குழுவினர் வகுத்தனர். தலையில் ஒரு விளக்கைப் பொருத்தி, கண்ணைக் கட்டி, தலையைத் திருப்பி மீண்டும் பழைய நிலைக்கே கொண்டுவரச் செய்தனர். ஒளி எவ்வளவு விலகி விழுகிறதோ, அதுவே பிழை. நாள்பட்ட கழுத்து வலியுடையோரிடம் அப்பிழை மிகுந்திருந்தது. 4.5 பாகையை அவர்கள் எல்லையாக வைத்தனர். 90 சென்டிமீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் விலகலாகும்.

இனி ஒற்றைத் தலைவலிக்கு வருவோம். மூன்று மாதங்களுக்கு மேலாக, மாதத்தில் 15 நாட்களோ அதற்கு அதிகமாகவோ தலை வலித்து, அவற்றுள் 8 நாட்களேனும் ஒற்றைத் தலைவலியாக இருப்பின் அது நாள்பட்டது எனப்படும். இந்நோயாளர் பலருக்குக் கழுத்தும் வலிக்கிறது. முகத்தின் உணர்வு நரம்பும் மேற்கழுத்து நரம்புகளும் தண்டுவடத்தின் உச்சியில் ஓரிடத்தில் கூடுவதால், ஒன்றின் வலி மற்றொன்றின் வலியாகத் தோன்றக்கூடும். ஆகவே, ரெவெலின் விளக்கை ஆராய்ச்சியாளர் இவர்கள் தலையிலும் ஏற்றினர். சில ஆய்வுகளில் பிழை மிகுந்தது. சிலவற்றில் வேறுபாடே இல்லை.

இதன் கருத்து யாது? கழுத்து வலிப்பதனாலேயே நோயின் வேர் கழுத்தில் இருக்கிறதென்று துணிந்து, சொடுக்கு எடுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. ஒருவரின் கழுத்துணர்வு உண்மையில் மங்கியிருக்கிறதா என்பதை அளந்து அறிந்த பின்னரே, அதற்குரிய பயிற்சியைப் பற்றிப் பேசலாம்.