தரையிறங்கும் வேளையும் வான்வழி ஒழுங்கும்

வானம் அகன்றது, ஓடுபாதையோ குறுகியது. பல திசைகளிலிருந்து பல உயரங்களில் வரும் விமானங்கள் யாவும் தரையிறங்குவதற்கு அந்த ஒரு கோட்டின் முனைக்கே வந்து சேர வேண்டும். ஆதலால் இரு விமானங்கள் மோதும் நிலைக்கு நெருங்கிவிடும் அபாயம் விமான நிலையத்தின் அருகிலேயே மிகுகிறது. அதைத் தடுக்கும் விதிகள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. அவற்றுள் பல, மனித உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றவை.

பேராக் மாநிலத்தின் வான்வழி வரலாறு சிறு விமானங்களிலிருந்து தொடங்குகிறது. வேர்ன்ஸ் விமானச் சேவை 1937-ஆம் ஆண்டு ஜூன் 28-இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்தது. அதன் 'டிராகன் ராப்பிட்' விமானங்கள் பின்னர் ஈப்போவிலும் இறங்கின. போருக்குப் பின், 1947 மே 1-இல் மலாயன் ஏர்வேஸ் தொடங்கிய சேவையும் ஈப்போ வழியாகவே பினாங்கு சென்றது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலை, இடையே கிந்தாப் பள்ளத்தாக்கும் அதில் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகளும். ஈப்போவுக்கு வரும் விமானி இவற்றிடையேதான் தன் வழியைக் காண வேண்டும்.

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. காட்டை வேவு பார்க்க இராணுவத்தின் 'ஆஸ்டர்' சிறு விமானங்கள் பறந்தன. சாலையில் கொண்டுசெல்வது ஆபத்தென்று, மலாயாவின் சில தோட்டங்களுக்குத் தொழிலாளர் சம்பளப் பணத்தைச் சிறு விமானங்களிலிருந்து கீழே போட்டதும் உண்டு. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு விமானம் அந்நாளில் புதுமைப் பொருளாக இல்லை. தலைக்கு மேல் நாளும் கேட்கும் ஓசையாகிவிட்டது.

அத்தகைய சிறு விமானங்களின் முதற் காவல் விமானியின் கண்ணே. பிற விமானத்தைக் கண்டு விலகிச் செல்வது என்பதே மூல விதி. ஆனால் கண் எவ்வளவு நம்பத்தக்கது? மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிராக வந்தால், அவற்றினிடையே உள்ள தொலைவு வினாடிக்கு ஏறத்தாழ 103 மீட்டர் குறைகிறது. ஒரு கிலோமீட்டர் இடைவெளி பத்து வினாடிக்குள் தீர்ந்துபோகும். மற்றதைக் கண்டு, அபாயம் என்றுணர்ந்து, முடிவு செய்து, விமானத்தைத் திருப்புவதற்கு 12.5 வினாடி பிடிக்கும் என்று அமெரிக்க விமானத்துறையின் கையேடு கணக்கிடுகிறது. ஒரு கிலோமீட்டருக்குள் வந்தபின் காண்பவன் காலந்தாழ்ந்து காண்கிறான் என்பதே இதன் பொருள்.

இன்னொரு விந்தையும் உண்டு. நேர்கோட்டில் மாறா வேகத்தோடு மோத வரும் விமானம், விமானியின் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாய் நிற்கும். அசைவதையே எளிதில் பற்றும் கண் அதைத் தவறவிடும். கப்பலோட்டிகள் நெடுங்காலமாக அறிந்த உண்மை இது. இறங்கும் வேளையில் இறக்கைகளும் மறைக்கின்றன. உடலின் கீழ்ப்புறம் இறக்கை உள்ள விமானத்தில் கீழே இருப்பது தெரியாது; மேற்புறம் இறக்கை உள்ளதில் மேலே இருப்பது தெரியாது. முன்னது மேலும் பின்னது கீழுமாக ஒரே ஓடுபாதையை நோக்கி இறங்கினால், இருவரும் ஒருவரையொருவர் காணாமலே நெருங்கிவிடலாம்.

கண்ணின் குறையை ஒழுங்கு நிரப்ப வேண்டியதாயிற்று. 1922 ஏப்ரல் 7-இல் பிரான்சில் பிக்கார்டி பகுதியில், மூடுபனியில் எதிரெதிராக வந்த இரு விமானங்கள் மோதி எழுவர் மாண்டனர். ஒன்று பாரிசிலிருந்தும் மற்றது லண்டனிலிருந்தும் புறப்பட்டவை. அதன் பின்னரே எல்லோரும் வலப்புறம் ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழி, 1948-இல் அனைத்துலக வான்வழி விதிகள் ஏற்கப்பட்டன. இறங்க வரும் இரு விமானங்களுள் தாழ்வாக உள்ளதற்கே முதலுரிமை. ஆனால் அவ்வுரிமையைக் காட்டி, இறங்கும் கடைசிக் கட்டத்தில் உள்ள மற்றொன்றின் முன்னே குறுக்கே புகலாகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. நிலையத்தை வட்டமிட்டு வரிசையாக இறங்கும் முறையும், கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் சொல்வதை விமானி திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் முறையும் இவ்வொழுங்கின் உறுப்புகளே.

ஒழுங்கு ஓரிடத்தில் அறுந்தாலும் விளைவு பெரிது. 1986 ஆகஸ்ட் 31-இல் அமெரிக்காவின் செரிட்டோசில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இறங்க வந்த பயணி விமானத்தோடு, அனுமதியின்றி அவ்வான்பகுதிக்குள் நுழைந்த சிறு 'பைப்பர்' விமானம் மோதியது. இரண்டிலும் இருந்த 67 பேரும், கீழே குடியிருப்பில் 15 பேரும் இறந்தனர். 1996 நவம்பர் 12-இல் டில்லிக்கு அருகே சார்க்கி தாத்ரியில் 349 பேர் மாண்டனர். இறங்க வந்த கசாக்ஸ்தான் விமானம் தனக்கு வகுத்த 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டதே அங்கு வினையாயிற்று. மோதலை முன்னறிந்து எச்சரிக்கும் கருவியை விமானங்களில் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் அதன் பின்னரே வந்தது.

பேராக்கும் இத்துயரை அறியும். 2024 ஏப்ரல் 23-இல் லூமுட் கடற்படைத் தளத்தில், கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழா ஒத்திகையின்போது இரு ஹெலிகாப்டர்கள் மோதிப் பதின்மர் உயிரிழந்தனர். அவை விழாவுக்காக அணிவகுத்துப் பறந்தவை. எனினும், தேர்ந்த விமானிகளுக்கும் அருகில் பறக்கையில் பிழைக்கு இடமில்லை என்பதை அது காட்டிற்று. செரிட்டோசில் கீழிருந்தோர் மாண்டதும் இங்கு எண்ணத்தக்கது. பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் செம்பனைக் காடாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. மரங்கள் நின்ற இடத்தில் மக்கள் குடியேறக் குடியேற, வானில் நேரும் பிழையின் சுமை தரையிலும் கூடுகிறது.

ஆயினும் பெரும்பாலான நெருக்கங்கள் மயிரிழையில் தப்பிவிடுகின்றன. இறப்பில்லை, எனவே செய்தியும் இல்லை. இங்குதான் வரலாறு ஒரு கடும் பாடம் புகட்டுகிறது. 1974 டிசம்பர் 1-இல் வாஷிங்டனுக்கு அருகே இறங்க வந்த விமானம் ஒன்று மலையில் மோதி 92 பேர் மாண்டனர். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே பிழையைச் செய்து தப்பியிருந்தனர். அந்நிறுவனம் தன் விமானிகளை மட்டும் எச்சரித்தது, பிறருக்குத் தெரியவில்லை. அதன் விளைவாக 1976-இல் அமெரிக்காவில் ஓர் அறிவிப்பு முறை பிறந்தது. தப்பியவர் தம் பிழையைத் தண்டனைக்கு அஞ்சாது எழுதி அனுப்பலாம். அதைப் பெறுவது விதியை நடத்தும் துறையன்று, தனித்து நிற்கும் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம்.

மயிரிழையில் தவறிய மோதல், உயிர்ப்பலி கேளாத ஆசிரியன். அதைச் சொல்லாது மறைத்தால், அதே பாடத்தை அடுத்தவர் உயிர் கொடுத்துக் கற்க நேரும். ஈப்போவைப் போன்ற சிறு நிலையங்களில் கருவி எவ்வளவு பெருகினும், நடந்ததை நடந்தபடி எழுதும் துணிவும் அதைத் தண்டியாது கேட்கும் பெருந்தன்மையும் இல்லாத இடத்தில் வான்வழி ஒழுங்கு நிலைக்காது.