லெம்பா பெர்த்தாமில் படம் எடுக்கப் போறீங்களா? வெளிச்சம் உங்களுக்காகக் காத்திருக்காது

கேமரன் மலைக்குப் போய் வந்த நண்பர்களின் இன்ஸ்டாகிராமைத் திறந்து பாருங்கள். சிலருடைய படத்தில் தேயிலை வரிசைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பலருடைய படத்தில் எல்லாமே ஒரே பச்சைப் பாய் மாதிரி இருக்கும். பெரும்பாலும் கேமரா காரணமல்ல, எடுத்த நேரம்தான் காரணம்.

எங்கே போவது?

தாப்பாவிலிருந்து மலை ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அதன் அருகே, சுல்தான் அபு பக்கார் அணைக்குக் கீழே இருப்பது லெம்பா பெர்த்தாம். பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறி, பூத்தோட்டங்கள். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் வழியில் போ நிறுவனத்தின் ஹாபு தோட்டமும் பாரத் தேயிலைச் சரிவுகளும் வரும். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு பிரிஞ்சாங்கைத் தாண்டிப் போகணும்.

பொன் வெளிச்சம் ஏன் சீக்கிரம் முடிகிறது?

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் நாலரை டிகிரியில் இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயர அதற்கு 25 நிமிடம் போதும். லண்டனில் மார்ச் மாதத்தில் அதே உயரத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். அதனால் வெளிநாட்டு யூடியூபர் சொல்லும் ‘ஒரு மணி நேரப் பொன் வெளிச்சம்’ கணக்கு இங்கே செல்லாது.

இங்கு ஆண்டு முழுக்கச் சூரியன் உதிப்பது காலை 6.50-க்கும் 7.30-க்கும் இடையில். ஆனால் முகடுகள் மறைப்பதால் பள்ளத்தாக்கின் அடிக்கு வெயில் இறங்கத் தாமதமாகும். முதல் நாளே இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு, மறுநாள் ஆறரைக்கே அங்கே நில்லுங்கள்.

கேமராவில் என்ன மாற்ற வேண்டும்?

வெயில் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். கவாத்து செய்த செடிகளின் மேற்பரப்பு தட்டையாக இருக்கும். வரிசைகளுக்கு நடுவே நிழல் விழுந்தால்தான் சரிவின் வளைவு தெரியும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழல் மறைந்துவிடும்.

பனிமூட்டத்தைக் கேமரா ‘அதிக வெளிச்சம்’ என்று நினைத்து படத்தைச் சாம்பலாக்கும். போனில் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுங்கள். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் காலையின் மஞ்சள் நிறம் வெளுத்துப் போகலாம். ‘டேலைட்’டில் வையுங்கள்.

உச்சி வெயிலில் கேமராவை மூடிவிட வேண்டாம். மேகம் நகரும்போது ஒரு துண்டு வெயில் மட்டும் சரிவில் ஊர்ந்து போகும். அதற்காக ஒரே இடத்தில் அரை மணி நேரம் காத்திருக்கலாம், தப்பில்லை. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். அக்டோபர், நவம்பரில் அதிகம். மழை விட்டதும் ஈர இலைகள் பளபளக்கும். அந்த மினுமினுப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் உதவும்.

பழைய கட்டடங்கள், கொட்டகைகள்?

மேற்கத்திய நாட்டுப் படங்களில் வரும் மரக்களஞ்சியம் இங்கே கிடையாது. நம்மிடம் இருப்பது தேயிலைத் தொழிற்சாலை, தகரக் கூரை, லயத்து வீடு, பிளாஸ்டிக் கொட்டகை. தகரமும் பிளாஸ்டிக்கும் வெயிலில் வெள்ளையாக எரிந்துவிடும், அதனால் கூரையை வைத்தே வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள்.

சூரியன் மறைந்த பிறகும் இருபது நிமிடம் இருங்கள். சில பூக்கொட்டகைகளில் விளக்கு எரியும். நீண்ட இரவு வந்தால் செவ்வந்தி மொட்டு விடத் தொடங்கிவிடும், தண்டு நீளமாக வளராது. விளக்குப் போட்டு அதைத் தள்ளி வைக்கிறார்கள். நீல வானத்துக்குக் கீழே அந்த மஞ்சள் வெளிச்சம் நல்ல படம்.

பச்சைக்குப் பின்னால் யார்?

போ தோட்டத்தை ஜே.ஏ. ரஸல் 1929-இல் தொடங்கினார். பாரத் 1933-இல் வந்தது. அந்தக் காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். உங்கள் தாத்தா பாட்டியும் ஏதாவதொரு தோட்டத்தில் இருந்திருக்கலாம். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். கத்தரிக்கோலும் இயந்திரமும்தான் அதிகம். கூடை சுமந்த பெண்ணைத் தேடிப் போனால் பழைய விளம்பரத்தைத்தான் தேடுகிறீர்கள்.

லெம்பா பெர்த்தாமுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் போயின. மேலே காடு அழிக்கப்பட்டு அரித்து வரும் மண் அணையின் நீர்த்தேக்கத்தில் படிவது இன்றும் பேசப்படும் பிரச்சினை. பிளாஸ்டிக் கூரைகளையும் மொட்டை மண்ணையும் வெட்டிவிட்டு பச்சையை மட்டும் போஸ்ட் செய்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பாதி இடம்தான். அகலமாக ஒரு படமும் எடுத்து வாங்க.

போகும் முன்

• தோட்டம் தனியார் நிலம். அனுமதித்த பாதையை விட்டுச் செடிகளுக்குள் இறங்காதீர்கள்.
• வேலை செய்பவர்களை எடுக்கும் முன் கேளுங்கள். தமிழர் என்றால் “வணக்கம்ணே, ஒரு படம் எடுக்கலாமா?” மற்றவர்களிடம் “போலே அம்பில் கம்பார்?” போதும்.
• லயம் ஒருவருடைய வீடு. வாசலில் காயும் துணியும் அவர்களுடையது.
• ட்ரோன் பறக்கவிட மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் பாருங்கள்.
• வார இறுதியில் சாலை நெரிசலில் காலை வெளிச்சமே போய்விடும். முடிந்தால் வார நாளில் போங்க.

யாரையாவது படம் எடுத்தால் அவரிடம் வாட்சாப் எண் கேட்டு அன்று இரவே அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது அவரே நல்ல இடம் காட்டுவார்.