காணிக்கை மாதாவும் சித்தப்பாவின் காவி வேட்டியும்

போன வாரம் பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது என் மகன் ஒரு போட்டோவைப் பிடித்துக்கொண்டான். மொட்டைத் தலை, காவி வேட்டி, கழுத்தில் ஜெபமாலை, செருப்பில்லாத கால். பின்னால் சிவாஜி நகர் மாதா கோயில் கோபுரம். "இந்தத் தாத்தா இந்து சாமியாராப்பா?" என்று கேட்டான். இல்லைடா, என் சித்தப்பா, குடியை விடுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு போனபோது எடுத்தது என்றேன். உடனே அடுத்த கேள்வி: "அப்புறம் விட்டுட்டாரா?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு அல்சூரில். 1809-ல் கம்பெனிப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம் மாறியது. படையோடு சிப்பாய், சமையற்காரர், கொத்தனார், வியாபாரி என்று தமிழர்களும் வந்து தண்டுப் பகுதியில் குடியேறினார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையிடம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் சிவாஜி நகர் மாதா கோயிலின் கதை தண்டுக்கும் முந்தியது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் அங்கே ஒரு கூரைக் கோயில் கட்டி, காணிக்கை மாதா கோயில் என்று பெயர் வைத்தார்கள் என்பது கோயில் வரலாறு. இப்போது நிற்கும் கோதிக் பாணிக் கட்டிடம் 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

அந்தப் பழைய கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அபே துபுவா. இந்துக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினாரே, அதே பிரெஞ்சுப் பாதிரியார்தான். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜென்னரின் அம்மைத் தடுப்பூசி 1802-ல்தான் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஓரிரு வருடங்களுக்குள் துபுவா மைசூர் ராஜ்யத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்துவிட்டார். பூசை வைத்த அதே சாமியார்தான் ஊசியையும் கொண்டுவந்தார். ஜெபமா மருந்தா என்று நாம் இன்று போடும் சண்டை அவருக்கு விளங்கியிருக்காது.

1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு பிளேக் வந்தது. மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றுவது ஆகஸ்ட் 29. ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கிய காலம் அது. அந்த நாட்களில் மாதாவிடம் அழுது வேண்டிக்கொண்டதைக் கோயிலில் இன்றும் சொல்வார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில்கள் எழுந்தன. கொள்ளைநோய் போனபின் 'நாங்கள் தப்பினோம்' என்று எங்காவது பதிந்து வைக்கவேண்டிய தேவை எல்லோருக்கும் இருந்திருக்கிறது.

உடம்பு தேறியவர்கள் அதை எப்படிப் பதிகிறார்கள்? கண் சரியானால் வெள்ளிக் கண், கால் சரியானால் வெள்ளிக் கால். வேளாங்கண்ணியில் இப்படி வந்த காணிக்கைகளைத் தனிக் காட்சிக்கூடமாகவே வைத்திருக்கிறார்கள். நம் அம்மன் கோயில்களில் கண்மலர் வாங்கிச் சாத்துவதும் இதேதான். கிரேக்கத்தில் கொரிந்து நகரத்து மியூசியத்தில் சுட்ட மண்ணால் செய்த கை, கால், காது என்று வரிசையாக இருக்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன் வைத்தியத் தெய்வம் அஸ்கிளேப்பியஸுக்கு வைத்தவை. ஆக, காவியும் மொட்டையும் இந்துக்களிடம் இரவல் வாங்கியது என்று சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். பைபிளில் லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தொழுநோய் நீங்கியவன் துணியைத் துவைத்து, முடியை மழித்து, குளித்துவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும். குருவும் அவனைப் பார்த்து 'சுத்தம்' என்று சொல்லவேண்டும். இயேசுவும் ஒரு தொழுநோயாளியைக் குணமாக்கிய பிறகு, போய் குருவிடம் காட்டி காணிக்கை செலுத்து என்றுதான் அனுப்புகிறார். சுகம் முதலில் வந்துவிட்டது. காணிக்கை பிறகு, ஊருக்குச் சாட்சியாக. அது கொடுத்து வாங்கும் விலை இல்லை.

இப்போது சித்தப்பாவிடம் வருகிறேன். ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நல்ல மனுஷன், சம்பள நாளில் மட்டும் வேறு மனுஷன். வருடாவருடம் கொடியேறியதும் குடியை நிறுத்துவார். செப்டம்பர் 8 தேர் நிலைக்கு வந்ததும், 9-ஆம் தேதி சாயங்காலம் சாராயக்கடையில் இருப்பார். 1987-ல் அவர் மகளுக்கு டைஃபாய்டு முற்றி, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து பிழைத்தாள். காப்பாற்றியது டாக்டர்களும் மருந்தும்தான், அதில் சித்தப்பாவுக்கே சந்தேகம் கிடையாது. ஆனாலும் அந்த வருடம் மொட்டை போட்டு, காவி கட்டி, அல்சூரிலிருந்து வெறுங்காலோடு நடந்தார். இனிமேல் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். போட்டோ அன்றைக்கு எடுத்தது.

மூன்றாவது வருடம் ஒரு கல்யாணத்தில் வழுக்கி விழுந்தார். நாலைந்து மாதம் பழையபடி ஆட்டம். மறுபடி கொடியேற்றம் வந்தபோது, போன தடவை வாக்கு மீறியவன் எந்த முகத்தோடு போவேன் என்று உட்கார்ந்திருந்தாராம். சித்திதான் அதே வேட்டியைத் துவைத்து எடுத்துக்கொடுத்தார். "நீங்க குடிச்சது மாதாவுக்கு முன்னாலேயே தெரியும். நீங்க விடப்போறது தெருவுக்குத் தெரியணும், கட்டிட்டு நடங்க" என்றாராம். தெருவுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு நாள் தடுமாறிக் கடைக்குப் போனபோது, கடைக்காரரே "மாதாவுக்கு நேர்ந்தவருக்கு ஊத்த மாட்டேன், வீட்டுக்குப் போங்கண்ணே" என்று திருப்பி அனுப்பினாராம். 2009-ல் சாகும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை.

இங்கே என்னோடு வேலை செய்யும் ஒருவர் பாக்கெட்டில் எப்போதும் ஒரு வெண்கலக் காசு வைத்திருப்பார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் கொடுத்தது. குடிக்காமல் இருந்த வருடங்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். 1935-ல் ஓஹியோவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஆரம்பித்த இயக்கம். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் குழுவில் பழகியவர்கள். தவற்றைப் பிறர் முன் ஒத்துக்கொள்வது, பாதித்தவர்களிடம் போய்ச் சரிசெய்வது எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அந்தக் காசைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் வேட்டி ஞாபகம் வரும். குடியை நிறுத்தும் சக்தி வெண்கலத்துக்கும் இல்லை, காவித் துணிக்கும் இல்லை. நான் வாக்குக் கொடுத்தவன் என்பதைத் தனக்கும் மற்றவர்களுக்கும் மறக்கவிடாமல் வைப்பதுதான் அவற்றின் வேலை.

மாத்திரையைத் தூக்கிப் போடு, விசுவாசம் போதும் என்று சொல்லும் சுகமளிக்கும் கூட்டங்கள் நம் ஜனங்கள் நடுவில் இங்கேயும் உண்டு. அவற்றை நான் ஏற்கவில்லை. எங்கள் கோயிலின் கதையே ஊசி குத்திய சாமியாரிடமிருந்துதான் வருகிறது. இன்னொரு பக்கம், எல்லாம் மூடப்பழக்கம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த வேட்டி இல்லாவிட்டால் கடைக்காரர் ஊற்றியிருப்பார்.

மகனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன்: "ரெண்டு தடவை விட்டாருடா. முதல் தடவை விட்டப்போ எடுத்ததுதான் இந்த போட்டோ. ரெண்டாவது தடவைக்கு போட்டோ கிடையாது, ஆனா அதுதான் கஷ்டம்."

அந்த வேட்டி சித்தியிடம் இன்னும் இருக்கிறது, நிறம்தான் வெளுத்துவிட்டது. அடுத்த முறை திருவிழா சமயத்தில் ஊருக்குப் போனால், பயலை அல்சூரிலிருந்து சிவாஜி நகர் வரை நடத்தியே கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். செருப்போடுதான் :-)